பனிமலைக்கு நீங்களும் வாங்கோவன்

மலைமேல் இருக்கும் அந்தக் கிராமத்துக்குள் பனிக்காலத்தில் கார் போகாது என்று கையேட்டின் இரண்டாம் பக்கத்தில் போட்டிருந்தது. ஊர் எல்லையில் காரை விட்டுவிட வேண்டும். பெட்டிகளைப் பனியில் ஓடும் வண்டி ஒன்று ஏற்றிக்கொண்டு போகும். தங்கும் வீட்டின் கதவைத் திறந்து, வாசலிலேயே பலகைகளைக் காலில் மாட்டிக்கொண்டு சறுக்கத் தொடங்கலாம். இந்தக் கடைசி வாக்கியத்தின் கீழ் என் மகள் பென்சிலால் கோடு போட்டிருந்தாள். அவளுக்கு அப்போது பதினைந்து வயது. மார்ச் மாதம், மெல்பேர்ணில் வெயில் இன்னும் குறையவில்லை. மின்விசிறிக் காற்றில் பக்கங்கள் பறக்காதபடி கையேட்டின்மேல் உப்புப் போத்தலை வைத்துவிட்டு அவள் பாடசாலைக்குப் போயிருந்தாள்.

முந்தைய வருடம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளைப் பாடசாலை ஒரு கிழமை பனிச்சறுக்கு முகாமுக்குக் கூட்டிப்போனது. பெற்றோர் கையெழுத்திட வேண்டிய படிவம் எங்கள் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் மூன்று கிழமை தொங்கியது. நான் கொழும்பில் ஒரு தமிழ்த் தினசரியில் பல வருடம் உதவி ஆசிரியராக இருந்தவன். கையில் வரும் எந்தத் தாளையும் சந்தேகத்தோடு வாசிப்பது அந்தத் தொழில் தந்த பழக்கம். ஆண் பிள்ளைகளும் பெண் பிள்ளைகளும் ஒரே கட்டடத்தில் படுப்பார்களா, இரவில் எத்தனை ஆசிரியர்கள் விழித்திருப்பார்கள், வைத்தியசாலை எவ்வளவு தூரம் என்று கேட்டுப் பாடசாலைக்குக் கடிதம் எழுதினேன். பதில் வந்தது. பதிலிலிருந்து இன்னும் இரண்டு கேள்விகள் எழுந்தன. அவற்றையும் எழுதி அனுப்பினேன். அதற்குள் படிவம் கொடுக்கும் கடைசி நாள் போய்விட்டது.

"நான் வேண்டாம் எண்டு சொல்லேல்லையே" என்றேன் மகளிடம்.

"நோ எண்டு சொல்லியிருந்தா நான் சண்டை பிடிச்சிருப்பன், அப்பா. நீங்க கேள்விதான் கேட்டீங்க."

அந்தக் கிழமை முழுவதும் அவள் பாடசாலை நூலகத்தில் இருந்தாள். முகாம் முடிந்து வந்த சிநேகிதிகள் எதைப் பற்றிக் கதைத்தாலும் அது பனியில் போய் முடிந்தது. அவள் வீட்டில் அழவும் இல்லை, கத்தவும் இல்லை. என்னோடு கதைப்பதைக் குறைத்துக்கொண்டாள். கேட்டதற்கு ஒரு சொல்லில், அதுவும் ஆங்கிலத்தில், பதில் வரும். ஒரு நாள் காரில் போகும்போது, "அடுத்த வருஷம் நாங்கள் மூண்டு பேரும் போவம். மேலையே தங்குவம். நீ ஸ்கீ பழகலாம்" என்றேன். அவள் யன்னலுக்கு வெளியே பார்த்தபடி, "ஓகே" என்றாள். அந்த ஓகேயில் நம்பிக்கை இருந்ததா என்று கண்டுபிடிக்க எனக்கு வழி தெரியவில்லை. இன்னும் மூன்று வருடத்தில் பள்ளிப் படிப்பு முடிந்துவிடும். அதற்குப் பிறகு எங்களோடு எங்கேயும் வரமாட்டாள் என்பது மட்டும் தெரிந்திருந்தது.

ஆகவே திட்டமிடத் தொடங்கினேன். எனக்குத் திட்டமிடுவது என்றால் திருத்துவது. அச்சுக்குப் போகும்வரை ஒரு பக்கத்தைக் கலைத்துக் கலைத்து அடுக்குவது போல, விடுமுறையையும் கலைத்து அடுக்கினேன். பாடசாலை விடுமுறையின் முதல் கிழமையா, இரண்டாம் கிழமையா? இங்கே குளிர்காலம் தொடங்கும் ஜூன் கடைசியில் போதிய பனி இருக்குமா? பனி நிலவரம் சொல்லும் தொலைபேசி இலக்கத்துக்கு ஏப்ரலிலேயே அழைத்துப் பார்த்தேன். மலைப் பூக்களைப் பற்றியும் நடைபாதைகளைப் பற்றியும் ஒரு பெண்குரல் பதிவு ஓடியது. மறுநாளும் அழைத்தேன். அதே பூக்கள். மலைக்கிராமத்து அலுவலகத்துக்கு அழைத்து விபரம் கேட்பேன்; அவர்கள், பதிவு செய்யட்டுமா என்பார்கள்; திரும்ப எடுக்கிறேன் என்று வைத்துவிடுவேன்.

என் மனைவி முதியோர் இல்லம் ஒன்றில் தாதி. "விழுந்து இடுப்பு முறிஞ்ச ஆக்களைத்தான் நான் ஒவ்வொரு நாளும் குளிப்பாட்டுறன். நீங்கள் தேடிப்போய் விழப்போறியள்" என்றாள். ஆனாலும் ஸ்பிரிங்வேலில் ஒரு பழைய உடுப்புக் கடையில் மூன்று தடித்த ஜாக்கெட்டுகளைக் கண்டுபிடித்து வாங்கி வந்து, தோய்த்து, வெயிலில் காயப்போட்டாள். அவை கொடியில் ஆள்களைப் போலத் தொங்கின.

பனியில் வழுக்காதிருக்க டயருக்குப் போடும் சங்கிலிகளை நான் வாங்கினேன். மலைப்பாதையில் போகிறவர்கள் அவற்றைக் கட்டாயம் காரில் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். வீட்டு முற்றத்தில், நல்ல வெயிலில், சங்கிலியை டயரில் மாட்டிக் கழற்றிப் பழகினேன். முதல் முறை நாற்பது நிமிடம் எடுத்தது. பக்கத்து வீட்டுக் கிரேக்கக் கிழவர் வேலிக்கு மேலால் பார்த்துவிட்டு வானத்தையும் ஒருமுறை பார்த்தார்.

சங்கிலிகள் காரின் பின்பெட்டியில் கிடந்தன. வினை அங்கேதான் தொடங்கியது.

சனிக்கிழமைகளில் தமிழ்ப் பாடசாலை நடக்கும். பிள்ளைகள் உள்ளே படிக்க, பெற்றோர் கார் தரிப்பிடத்தில் பிளாஸ்கில் தேநீரோடு நின்று கதைப்போம். அன்று புத்தகக் கட்டு ஒன்றை ஏற்றுவதற்காக நான் பின்பெட்டியைத் திறந்தேன். எங்கள் பகுதியில் இருக்கும் கணக்காளர் ஒருவர், என்னைவிட ஐந்தாறு வயது இளையவர், பக்கத்தில் நின்றார்.

"இதென்ன அண்ணை, மாடு கட்டவோ?"

"டயருக்குப் போடுறது. ஜூலை விடுமுறைக்கு ஸ்நோவுக்குப் போறம். நீங்களும் வாங்கோவன்."

பயணம் போவதை ஒருவரிடம் சொன்னால், சொன்ன வாயாலேயே அவரையும் அழைக்க வேண்டும் என்பது எங்கள் ஆட்களின் மரியாதை. அழைக்காவிட்டால் ஒளித்துவிட்டுப் போனதாகிவிடும். கேட்டவரும் "பாப்பம்" என்று சொல்ல வேண்டும். அதோடு இரண்டு பக்கத்துக் கடமையும் முடிந்துவிடும். நான் அதுவரை எத்தனையோ பேரை எங்கெங்கோ அழைத்திருக்கிறேன். ஒருவரும் வந்ததில்லை.

கணக்காளர் பாப்பம் என்று சொல்லவில்லை. காருக்குள் இருந்த மனைவியைத் திரும்பிப் பார்த்து, "இஞ்சரும், அண்ணையாக்கள் ஸ்நோவுக்குப் போயினமாம். எங்களையும் வரட்டாம்" என்றார்.

யன்னல் கண்ணாடி இறங்கியது. "எப்பவாம்?"

"ஜூலை."

"அப்ப நாங்களும் வாறம், அண்ணை" என்றார் அவர் மனைவி. "போன வருஷம் எங்கட மூத்தவளும் ஒரு கிழமை லைபிரரியிலை குந்தியிருந்தவள். நான்தான் விடேல்லை. இண்டைக்கும் சொல்லிக் காட்டுறாள்."

நூலகத்தில் தன்னோடு யார் யார் இருந்தார்கள் என்று என் மகள் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. அடுத்த காரில் சாய்ந்து நின்றவர் தமிழ்நாட்டிலிருந்து வந்த கணினிப் பொறியியலாளர். அவர் மகனும் அதே வகுப்பு.

"சார், தப்பா நெனைக்காதீங்க. நாங்களும் சேந்துக்கலாமா? பையன் ஒரு வருஷமா தலையத் தின்னுட்டு இருக்கான்."

"ஓம், கட்டாயம்" என்றேன். வேறு எதைச் சொல்வது?

அடுத்த ஞாயிறு பின்னேரம் எங்கள் வீட்டில் கூட்டம். போகிறவர்கள் பதினொரு பேர் என்று தெரிந்தது. கணக்காளரின் மனைவி நடுக் கதிரையில் இருந்தார். தலைமை தாங்கும்படி அவரை யாரும் கேட்கவில்லை, தேவையும் இருக்கவில்லை.

"மேலை குசினி எப்பிடி, அண்ணை?"

"பொதுக் குசினி. எல்லாரும் மாறி மாறிச் சமைக்க வேணும்."

"வெள்ளையளோடையோ? நான் கருவாடு பொரிக்க, அவை எழும்பி ஓடுவினம்."

"அப்ப பொரிக்காதையுங்கோ" என்றாள் என் மனைவி.

"மூண்டு நாளும் பாணைக் கடிக்கச் சொல்லுறியளோ? ஆட்டிறைச்சியை இஞ்சையே காய்ச்சிப் பெட்டியிலை போட்டு உறைய விட்டால், அங்கை சூடாக்கிறதுதானே. புட்டு நான் அவிப்பன்."

"நான் இட்லி மாவு அரைச்சு எடுத்துட்டு வந்துடறேங்க" என்றார் பொறியியலாளரின் மனைவி. அவர்கள் சைவம்.

"அந்தக் குளிர்ல மாவு பொங்கவே பொங்காது. தீபாவளிக்குத்தான் இட்லி கிடைக்கும்" என்றார் பொறியியலாளர்.

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்து முடிவதற்குள் கணக்காளர் ஒரு யோசனை சொன்னார். மலையடிவாரத்து ஊரில், இரண்டு குசினி உள்ள பெரிய வீடு வாடகைக்கு இருக்கிறதாம். அங்கே தங்கினால் பொதுக் குசினித் தொல்லை இல்லை. "ஒரு நாள் விடிய பஸ்ஸிலை மேலை போறம். ஸ்நோவைப் பாக்கிறம். பின்னேரம் இறங்கி வாறம்."

"அப்போ ஸ்கீ?" என்றார் பொறியியலாளர்.

"என்னத்துக்குத் தம்பி? காலை முறிச்சுக்கொண்டு வரவோ?" என்றார் கணக்காளரின் மனைவி. "இடுப்பு முறிஞ்ச ஆக்களைப் பற்றி அக்காவைக் கேளுங்கோ. பிளாஸ்டிக் தட்டு விக்கினம். அதிலை குந்தியிருந்து வழுக்கினால் காணும். அதுவும் ஸ்நோதானே."

நான் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டிருந்தேன். கூட்டம் என்றால் கை தானாக எழுதத் தொடங்கிவிடும். மேலே தங்குவதில்லை, எழுதினேன். சறுக்கப் பழகும் வகுப்பு வேண்டாம், எழுதினேன். கூடத்தின் மறுமுனையில் கணக்காளரின் மகளோடு இருந்த என் மகள், பிளாஸ்டிக் தட்டு என்ற இடத்தில் எழுந்து தன் அறைக்குப் போனாள். அதை எழுதவில்லை. பார்த்தேன்.

விருந்தாளிகள் போன பிறகு அவள் வந்து, என் குறிப்புப் புத்தகத்தை எடுத்து வாசித்தாள். தமிழை அவள் மெதுவாகத்தான் வாசிப்பாள். முழுவதையும் வாசிக்கும்வரை நான் காத்திருந்தேன்.

"திஸ் இஸ் நாட் இட், அப்பா."

"அதே மலைதானே."

"நீங்க எல்லாரும் போங்க. நான் ஃபிரெண்ட் வீட்டில நிப்பன்." புத்தகத்தை மூடி வைத்தாள். "இந்த முறையும் நீங்க நோ சொல்லேல்ல."

அதற்குப் பிறகு வீட்டில் என்னால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. பேப்பரை விரிப்பேன், மடிப்பேன். காரை எடுத்துக்கொண்டு பால் வாங்கப் போய், பால் இல்லாமல் வருவேன். அலுவலகத்தில் மதிய இடைவேளையில் கணக்காளரின் இலக்கத்தைச் சுற்றுவேன். மணி அடிக்க முதல் வைத்துவிடுவேன். என்ன சொல்வது? வரவேண்டாம் என்றா? வாங்கோவன் என்று ஒருவரைக் கூப்பிட்டுவிட்டு அதைத் திருப்பி எடுத்த ஆளை நான் கேள்விப்பட்டதே இல்லை. அதற்கு ஒரு வசனம்கூட எங்களிடம் இல்லை. அவர்களும் பிள்ளைகளுக்குக் கொடுக்காமல் விட்ட ஒன்றைக் கொடுக்கத்தான் வருகிறார்கள். அதை எப்படி மறிப்பது?

மே மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கேரம் டவுன்ஸ் கோவிலில் கணக்காளரை நேரே பார்த்துச் சொல்லிவிடலாம் என்று புறப்பட்டேன். சப்பாத்துகளைக் கழற்றும்போதே தெரிந்தவர் ஒருவர், "பனிமலைக்குப் பட்டாளமாய்ப் போறியளாம்?" என்றார். வாய் வரை வந்த அழைப்பை விழுங்கிக்கொண்டேன். கணக்காளர் மண்டபத்து வாசலில் என்னைக் கண்டதும் முகமெல்லாம் சிரிப்பாக வந்தார். அடிவாரத்து வீட்டை விடுமுறையின் முதல் கிழமைக்குப் பதிவு செய்துவிட்டாராம். கையில் ஒரு பை. ஸ்பிரிங்வேலில் வாங்கியது என்று திறந்து காட்டினார். பதினொரு கம்பளித் தொப்பிகள், எல்லாம் ஒரே சிவப்பு.

"பனிக்குள்ளை ஆரும் துலைஞ்சால் கண்டுபிடிக்க லேசு, அண்ணை."

"நல்ல நிறம்" என்று சொல்லிவிட்டு, உள்ளே போய்க் கும்பிட்டுவிட்டு, வந்த வேலையைச் செய்யாமல் திரும்பினேன்.

இரண்டு நாள் கழித்து, எனக்கு வேலை இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை, மலைக்கிராமத்து அலுவலகத்துக்கு மறுபடியும் அழைத்தேன். என் குரலை அவர்கள் அடையாளம் கண்டுகொண்டார்கள். விடுமுறையின் முதல் கிழமை முழுவதும் நிரம்பிவிட்டது. இரண்டாம் கிழமையில் மூன்று படுக்கை உள்ள ஒரு சிறிய அறை மட்டும் மிச்சம், யாரோ பதிவை விட்டதால் வந்தது. அதையும் இன்னொரு குடும்பம் கேட்டிருக்கிறது. இப்போதே சொன்னால் எனக்கு.

மகள் அந்த நேரம் பாடசாலையால் வந்து, பையைத் தோளில் போட்டபடி குசினி வாசலில் நின்றாள். யாரோடு கதைக்கிறேன் என்று அவளுக்கு விளங்கிவிட்டது. பையை இறக்கவில்லை. தொலைபேசியில் அந்தப் பெண் காத்திருந்தார். கேட்க என்னிடம் குறைந்தது நான்கு கேள்விகள் இருந்தன: அறையின் சூடாக்கி, மாடிப்படி, வைத்தியர், பதிவை மாற்றலாமா என்பது.

"எடுக்கிறோம். மூன்று பேர். மூன்று பேருக்கும் சறுக்கு வகுப்பு" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். மூன்று பேருக்கும் என்று எதற்காகச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. நானும் மனைவியும் உள்ளே நெருப்பருகில் இருப்பதாகத்தான் அதுவரை இருந்த எல்லாத் திட்டங்களிலும் இருந்தது.

தொலைபேசியை வைத்தேன். மகள், "அன்ரியாக்கள்?" என்று கணக்காளர் குடும்பத்தைப் பற்றிக் கேட்டாள்.

"அவை அடிவாரத்து வீட்டுக்குப் போவினம், முதல் கிழமை. நாங்கள் வேறை."

"சொல்லிட்டீங்களா?"

"இல்லை."

அவள் பையோடு அறைக்குப் போனாள். கதவு மெதுவாகச் சாத்தப்பட்டது. நான் கார்ச் சாவியை எடுத்தேன்.

கணக்காளர் வேலையால் வந்து, அலுவலகத்துக்குப் போட்ட சேட்டைக்கூட மாற்றாமல் வீட்டில் இருந்தார். வரவேற்பறையில், தேநீர் வருவதற்கு முன்பே சொல்லிவிட்டேன். தேநீர் வந்தால் சொல்லமாட்டேன் என்று தெரியும். கணவன், மனைவி இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"எங்களோடை வர வெக்கமோ, அண்ணை?" என்றார் அவர் மனைவி.

"இல்லை. பிள்ளைக்கு நான் சொன்னது மேலை தங்கிறது, ஸ்கீ பழகிறது. அதைத்தான் செய்ய வேணும்."

"எங்கட பிள்ளையள் பிளாஸ்டிக்கிலை வழுக்கட்டும், உங்கட மகள் ஸ்கீ ஓடட்டும். என்ன?"

"அப்பிடி நான் நினைக்கேல்லை."

"அப்ப என்னத்துக்கு எங்களைக் கூப்பிட்டனீங்கள்?"

மரியாதைக்கு என்று சொன்னால், வராமல் இருப்பீர்கள் என்று நம்பிக் கூப்பிட்டேன் என்றாகிவிடும். உண்மையும் அதுதான். கணக்காளரின் மனைவி எழுந்து உள்ளே போனார். தேநீர் வரவில்லை.

கணக்காளர் என்னோடு கார் வரை வந்தார். திரும்பிப் போய், ஒரு பையைக் கொண்டுவந்து யன்னலால் நீட்டினார். உள்ளே மூன்று சிவப்புத் தொப்பிகள். "மேலை இன்னும் குளிரும்" என்றார். அவ்வளவுதான். அவர்கள் போய்வந்து, பனி நன்றாக இருந்தது, பிள்ளைகள் சந்தோஷப்பட்டார்கள் என்று பொறியியலாளர் பிறகு சொன்னார். கணக்காளரின் மனைவி தமிழ்ப் பாடசாலைக் கார் தரிப்பிடத்தில் அதன்பின் இரண்டு வருடம் காரின் கண்ணாடியை இறக்கவில்லை.

நான் வீடு திரும்பியபோது மகள் கூடத்தில், தரையில், தொலைபேசியைக் காதில் வைத்தபடி இருந்தாள். சறுக்குப் பலகைகளும் சப்பாத்துகளும் வாடகைக்குக் கொடுக்கும் கடையோடு அவளே கதைத்துக்கொண்டிருந்தாள். கையேட்டின் பின்பக்கத்தில் இருந்து இலக்கத்தை எடுத்திருக்கிறாள். என்னைக் கண்டதும் தொலைபேசியின் வாய்க்குழலைக் கையால் மூடினாள்.

"சொல்லிட்டீங்களா?"

"ஓம்."

"அன்ரி என்ன சொன்னவ?"

அவர் கேட்ட மூன்று கேள்விகளையும், கூட்டாமல் குறைக்காமல், அதே சொற்களில் சொன்னேன். கடைக்காரன் தொலைபேசிக்குள் ஹலோ, ஹலோ என்றான்.

"அப்பா, உங்கட நிறை என்ன? விழேக்க பலகை காலில இருந்து கழருற இறுக்கத்தை அதை வைச்சுத்தானாம் செட் பண்ணுவினம்."

"நான் சும்மா பாக்கத்தான்..." என்று தொடங்கினேன்.

அவள் கையை வாய்க்குழலிலிருந்து எடுக்கவில்லை.

"எழுபத்திரண்டு கிலோ" என்றேன்.

குசினியிலிருந்து மனைவியின் குரல் வந்தது. "பிள்ளை, அதை எழுதாதை. அது கலியாணம் கட்டேக்கை இருந்த நிறை. எண்பத்தொண்டு எண்டு சொல்லு, அப்பான்ரை கால் மிஞ்சட்டும்."

மகள் கையை எடுத்துவிட்டு, "எய்ட்டி ஒன்" என்றாள் கடைக்காரனிடம்.